கடல் தாண்டி வந்த ஓகாரம்

சின்னமுனைக் கரைக்கு அந்த ஓகாரம் வந்து சேர்ந்தபோது பெர்னதெத் மோகன் ஒரு கூடை நகரை மீனை ஏலம் கூறிக்கொண்டிருந்தாள். வாடைக்காற்று ஓய்ந்து தென்காற்று இன்னும் எழும்பாத பருவம் அது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கி, வள்ளங்கள் கரையேறி, பெண்கள் கூடையும் தராசுமாக நெருக்கி நின்ற நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து ‘ஓ’ என்று ஒரு குரல் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து நீட்டிச் சொல்கிற அதே ஓதான், ஆனால் சொல்வதற்கு ஒரு வாய் இல்லை, வெகுதூரம் அலைந்து களைத்ததுபோல அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. அது அலையைத் தாண்டி ஈரமணலில் ஏறி, வள்ளங்களுக்கு நடுவே புகுந்து வந்தது. மாட்டுக்கு ஒதுங்குவதுபோல ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது தெருவுக்குள் போனதும் பெர்னதெத் விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தாள், வெயில் ஏறினால் மீன் தாங்காது என்பதால்.

அன்று தொடங்கி அது ஊரிலிருந்த மோகன்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தது. முதலில் இராமநாதபுரம் பேருந்தில் நடத்துனராக இருந்த மோகனிடம் போனது. அவன் பெண்டாட்டி “மோகன், சோறு ஆறுது” என்று கூப்பிட, அவள் வாயிலிருந்து “ஓ மோகன்” என்று வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் ஓ முன்னால் வந்து நின்றது. சில நாள் அவனோடு பேருந்தில் போய்வந்துவிட்டு, ஆள் இவனில்லை என்று தெரிந்தோ என்னவோ இறங்கிக்கொண்டது. பிறகு செல்போன் கடை மோகனிடம் போனது, பிறகு மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடிக்கிற மோகனிடம், பிறகு அங்கன்வாடியில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மோகனிடம். தேடி வந்தவர் பெயர்ப்பலகை பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவதுபோல எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு, ஒரு விடியற்காலையில் தெருக்கோடிக்கு வந்து பெர்னதெத்தின் வீட்டு வாசலில் நின்றது. அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை.

“சரிதான், மோகன் வீட்டைத் தேடித்தான் வந்துருக்கு” என்றது தெரு.

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர், பெர்னதெத்தும் அவள் அண்ணன் அல்போன்ஸும். இரண்டு பேர் பெயரும் மோகன் என்றுதான் முடியும். அவர்கள் அப்பாவின் பெயரும், அவருடைய அப்பாவின் பெயரும், கல்லறைத் தோட்டத்தில் அந்த வீட்டுக்காரர்கள் படுத்திருக்கிற வரிசை முழுவதும் அப்படித்தான். ரேஷன் அட்டைக்குப் போனபோது அதிகாரி கேட்டார்: “உங்க அப்பா பேரு மோகனாம்மா?”

“இல்ல சார், லாசர்.”

“அப்ப மோகன் யாரு?”

“எல்லாரும் சார்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஆள் முடிந்துபோகிற ஊரில், ஒரு பெயர் செத்தவனிடமிருந்து பிறந்தவனுக்குச் சட்டைபோல மாறிக்கொண்டே வருவதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. ஆனால் பெர்னதெத்துக்கு அவள் அப்பா லாசர் சொல்லியிருந்தார். அந்தப் பெயர் இந்தக் கரையில் பிறந்ததில்லை. மேற்கே வெகுதூரத்தில், எப்போதும் மழை பெய்கிற அயர்லாந்து என்ற தீவில், கல்வேலி போட்ட உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே அது இருந்தது. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகி, சனங்கள் வாயில் புல்லோடு வழியோரம் செத்துக்கிடந்த பஞ்சத்தில், அந்தக் குடும்பத்து இளவட்டம் ஒருவன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன்னால் போய் நின்றான். பெயருக்கு முன்னால் அந்த ஓவை வைத்துக்கொண்டு எங்கள் கப்பலில் ஏறாதே என்றார்கள். அவனுக்குப் பசி. கப்பலின் கிராதியைப் பிடித்துக் குனிந்து, தன் பெயரின் முன்பாகத்தைக் கழற்றிக் கடலில் விட்டுவிட்டு மிச்சப் பெயரோடு மதராசில் இறங்கினான். அவன் மகன் ரயிலுக்கு வேலைக்குப் போனான். அவன் பேரன் பாம்பனில் பாலம் போட்டபோது இரும்போடு இரும்பாக வந்து, இந்தக் கரையில் முத்துக்குளித்த குடும்பத்தில் பெண் எடுத்து, வெயிலில் கறுத்து, தமிழில் கோபப்பட்டு, தமிழில் செத்தான். மோகன் என்ற பெயர் மட்டும் யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை. கூட்டத்தில் கலந்துவிட்ட ஆள்போல அது இங்கேயே நின்றுவிட்டது.

“நம்ம பேருக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு பெர்னா, கடல்ல விழுந்துருச்சு” என்பார் லாசர். சாகும்வரை அவர் அதை ஒரு கை போனவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பங்குச்சாமியார் இஞ்ஞாசி, அந்தத் தீவில் குருமடத்தில் படித்துவிட்டு வந்தவர், வாசலில் நின்று ஓவைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“அந்த ஊர்ப் பாஷையில இதுக்கு அர்த்தம் இருக்கு பெர்னதெத். ஓ-ன்னா பேரன். வழிவந்தவன். மோக்-ன்னு தொடங்குறது விடியற்காலையைச் சொல்றது. அதான் வெள்ளன வருது போல.”

“பேரனா?” என்றாள் பெர்னதெத்.

“பேரன்தான்.”

அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அல்போன்ஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேரன் என்று அர்த்தமுள்ள ஒரு சொல், இத்தனை கடலும் அலைந்துவிட்டு, பேரன் இல்லாத வீட்டுக்கு வந்து நிற்கிறதே என்று அவள் நினைத்தாள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குப் பழகிக்கொண்டதைப்போல. அது விடியலில் ஒருமுறை நீட்டிக் கூப்பிடும், பிறகு பகல் முழுக்க வாசல் வேப்பமரத்தடியில் முனகிக்கொண்டு கிடக்கும். பள்ளிவாசல் மோதினார் பாங்கு முடிகிறவரை அது காத்திருப்பதைக் கவனித்து, மரியாதை தெரிந்தது என்றார். டீக்கடைக்காரர் கடையைத் திறக்க அலாரம் வைப்பதை நிறுத்தினார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூங்கவைக்க மரத்தடிக்குத் தூக்கிவந்தார்கள். ஏனென்றால் அந்த ஓவில் தாலாட்டும் இருந்தது. துட்டிவீட்டுப் பெண்களும் அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் அதில் ஒப்பாரியும் இருந்தது. உடுக்கைக்கார மோகன் ஒரு வெள்ளிக்கிழமை அதற்குச் சூடம் ஏற்றினான். தன்னிடம் சில நாள் தங்கிப்போன உரிமையில். காவல் நிலையத்திலிருந்து ஓர் ஏட்டு வந்து விசாரித்தார், யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதால் டீ குடித்துவிட்டுப் போனார்.

பழகாத ஒரே ஆள் அல்போன்ஸ்.

அல்போன்ஸின் ஒரே மகன் கில்டஸ். தாயில்லாத பிள்ளை, பெர்னதெத் வளர்த்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்டபம் கரையில் இருந்த அகதி முகாமில் தர்சினி என்ற பெண்ணை அவன் விரும்பினான். மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கிய குடும்பத்தின் மிச்சம் அவள். அல்போன்ஸ் முடியாது என்றார். முகாமில் பெண் எடுக்கிற அளவுக்கு நாம் குறைந்துபோகவில்லை என்று தெருவே கேட்கச் சொன்னார். கில்டஸ் பதில் பேசாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு காற்றுக்குள் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. மாதங்கள் போய்த் தர்சினி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றபோது, அல்போன்ஸ் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. குழந்தை இப்போது நடக்கிற பிள்ளையாகியிருக்கும் என்று பெர்னதெத் மனதுக்குள் கணக்கிட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

அல்போன்ஸுக்கு அந்த ஓ, மகன் கடலிலிருந்து கூப்பிடுகிற குரலாகக் கேட்டது. விடியலில் அது கூப்பிட்டதும் எழுந்து, வேட்டியை மடித்துக்கட்டாமல், நேரே நடந்து கடலுக்குள் இறங்குவார். முதலில் முழங்கால்வரை, பிறகு இடுப்புவரை. அவரோடு முப்பது வருடம் கூட்டாகத் தொழில் செய்த காதர் மைதீன் பின்னாலேயே ஓடி அரைஞாண் கயிற்றைப் பிடித்து நிறுத்துவார். காதர் மைதீன் கடலுக்குப் போகிற நாட்களில் தெருவில் யாராவது முறைவைத்துப் பிடித்தார்கள். இதற்கும் ஊர் பழகிவிட்டது. ஆனால் நாளுக்கு நாள் அவர் ஆழம் போய்க்கொண்டிருந்தார்.

“இந்த ஓ-வை விரட்டிருவோமா பெர்னா?” என்று ஒருநாள் கேட்டார் காதர் மைதீன், ஈரக்கைலியைப் பிழிந்துகொண்டே. “எனக்கும் வயசாகுது. ஒருநாள் கை நழுவிரும்.”

“விரட்டினா எங்க போகும் காக்கா? அதுக்கும் போக்கிடம் இல்ல.”

“அப்ப உள்ள கூப்பிட வேண்டியதுதான? ஏன் வாசல்லயே கெடக்கு?”

அந்தக் கேள்வி பெர்னதெத்துக்குள் இறங்கியது. அது உள்ளே வராததற்குக் காரணம், அது தேடி வந்த ஆள் உள்ளே இல்லை. அவள் அன்று ஏலத்தைப் பாதியில் வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவி, பேருந்தில் ஏறிப் பாலத்தைத் தாண்டினாள்.

தர்சினி முகாம் வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று பேசினாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. யதுசா, அதுதான் பிள்ளையின் பெயர், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பெர்னதெத்தின் கண்ணாடியையே பார்த்தது. கண்ணில் கில்டஸ் இருந்தான். பெர்னதெத் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். ஓ வந்ததை, அது மோகன்களைத் தேடியதை, சாமியார் சொன்ன அர்த்தத்தை, அண்ணன் கடலில் இறங்குவதை.

“அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டது, அன்ரி” என்றாள் தர்சினி. “நேவிக்காரன்ர கப்பல் எண்டு நினைச்சுச் சனம் பயந்து கிடந்தது.”

“புள்ளைய ஒருதரம் கூட்டிட்டு வா தாயி.”

“எதுக்கு? உங்கட பெயரைக் குடுக்கவோ?” அவள் குரல் உயரவில்லை. “அவர் கதவைச் சாத்தின நாள் மழை. நான் இவளைச் சீலைக்குள்ள வச்சுக்கொண்டு பஸ்சுக்கு நிண்டனான். பெயர் இல்லாமலே இவள் நடந்திட்டாள். இனியும் நடப்பாள். வேணுமெண்டா எங்களட்ட ஒரு பெயர் கிடக்கு, முகாம்காரி எண்டு. அது உங்கட அண்ணர் குடுத்ததுதான்.”

பெர்னதெத் கொண்டுவந்த வறுத்த கணவாயைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். அது வாங்கிக்கொண்டது. “பொறவு நான் மட்டும் வந்து பாக்கலாமா?” என்று கேட்டாள். தர்சினி சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் விடியலில் ஓ கூப்பிட்டபோது, அது வாசலில் நின்று கூப்பிடவில்லை. கடல்பக்கம் திரும்பியிருந்தது. பெர்னதெத் வெளியே வந்து பார்க்கும்போது அது தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, மெதுவாக, காத்திருந்து அலுத்தவர்கள் போவதைப்போல. பால் வாங்க வந்தவர்களும் தொழுதுவிட்டுத் திரும்பியவர்களும் ஓரமாக நின்று வழிவிட்டார்கள். ஒரு கிழவர் கைகூப்பினார். அது போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தடுத்து வைக்க யாருக்கும் ஓர் உறவுமுறை இல்லை. அதன் பின்னால் அல்போன்ஸ் நடந்தார். அவர் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெர்னதெத் பயந்து “காக்கா, ஓடியாங்க!” என்று கத்தினாள்.

காதர் மைதீன் வந்து கயிற்றைப் பிடித்தார். கயிறு அறுந்தது. அல்போன்ஸ் இடுப்பளவைத் தாண்டி நெஞ்சளவுக்குப் போனார். ஓ அவருக்கு முன்னால் தண்ணீரில் தாழ்ந்து, பாட்டு முடிகிற நேரத்துக் குரலைப்போலத் தேய்ந்துகொண்டிருந்தது. கரையில் கூட்டம் கூடியது, நீந்தத் தெரிந்தவர்கள் சட்டையைக் கழற்றினார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தர்சினி வந்தாள். முதல் பேருந்தில் வந்திருந்தாள். கால் செருப்பெல்லாம் மணல். அவள் அல்போன்ஸைக் கூப்பிடவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை ஈரமணலில் இறக்கிவிட்டு, பெர்னதெத்திடம் மட்டும் சொன்னாள்.

“மன்னிச்செல்லாம் வரேல்லை, அன்ரி. கடலுக்கு இன்னொரு ஆளைக் குடுக்க எனக்கு மனமில்லை.”

யதுசா தண்ணீரைப் பார்த்தது. தண்ணீருக்குள் ஒரு தலையைப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து இறங்கியது. சிறிய அலை ஒன்று அதைக் குப்புறத் தள்ளியது. பிள்ளை உப்பு குடித்து எழுந்து, வாயை வட்டமாகத் திறந்து அழுதது. அந்த அழுகை, கடலில் தேய்ந்துகொண்டிருந்த ஓகாரத்தைப் போய்த் தொட்டது. இரண்டும் ஒரே குரலாகின. அல்போன்ஸ் திரும்பினார்.

அவர் தண்ணீரைக் கைகளால் பிளந்துகொண்டு வந்தார். தர்சினி அசையாமல் நின்றாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். அவர் பிள்ளையைத் தூக்கினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, அந்தக் கண்களைப் பார்த்தார். இத்தனை காலம் பேச்சு மறந்திருந்த தொண்டையிலிருந்து, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரே ஒரு சொல் வந்தது.

“நீ…”

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. யார் என்று கேட்க வந்தாரோ, என் பிள்ளையா என்று கேட்க வந்தாரோ, அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. அந்த நொடியில் ஓ நின்றது. பிறகு அதே களைத்த குரல், அதே கரகரப்போடு, ஆனால் இப்போது மெல்லியதாக, ‘நீ’ என்று தொடங்கியது. அது நீண்டு, அலையின்மேல் ஏறி, மணல்மேல் பரவி, கூடைகளுக்கும் தராசுகளுக்கும் இடையே போனது. கரையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று தோன்றியது. வட்டிக்காரருக்கும், விதவைக்கும், காதர் மைதீனுக்கும், அப்படித் தன்னை யாரும் அழைத்து நாளாயிற்றே என்று தோன்ற, சிலர் காரணம் தெரியாமல் அழுதார்கள். பெர்னதெத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் பிள்ளையின் ஈரத்தலையில் வந்து இறங்கி அடங்கியது.

பூசை முடித்து அங்கியோடு ஓடிவந்த இஞ்ஞாசி சாமியார் நெற்றியில் அறைந்துகொண்டார். “சொல்ல மறந்துட்டேனே! ஓ ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். பொண்ணு பிறந்தா அந்தப் பேருக்கு முன்னால ஓ வராது, அந்தப் பாஷையில வேற சொல்லு.”

“என்ன சொல்லு சாமி?”

“நீ” என்றார் சாமியார்.

ஒருத்தி, மீன் காயுது பெர்னா, என்றாள். ஏலம் நடந்தது.

அன்று தர்சினி அந்த வீட்டில் சோறு சாப்பிட்டாள், அல்போன்ஸ் பரிமாறினார். மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அவர் நெத்திலிக் குழம்பை இரண்டாம் முறை ஊற்ற வந்தபோது அவள் தட்டை நீட்டினாள், அவ்வளவுதான். சாயங்காலம் பெயர் கூப்பிடுகிற நேரத்துக்கு முகாமுக்குள் இருக்க வேண்டும் என்று அவள் எழுந்தாள். எந்த அற்புதத்தாலும் அந்தச் சட்டத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை; முகாமின் பதிவில் பிள்ளைக்கு அப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது, கையெழுத்துப் போட அப்பன் வரவேண்டும் என்றார்கள். அல்போன்ஸ் சட்டை மாட்டிக்கொண்டு கூடவே புறப்பட்டார். பேருந்தில் பிள்ளை அவர் மடியில் இருந்தது.

முகாம் வாசலில் காவலுக்கு நின்றவர் கையைக் குறுக்கே நீட்டினார். “அவங்க போகலாம். பெரியவர் யாரு?”

அல்போன்ஸ் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. தர்சினி அவரைப் பார்க்காமல், பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, காவலரிடம் சொன்னாள்: “இவளின்ர அப்பப்பா.”

“ஓ” என்றார் காவலர், சாதாரணமாக, எல்லாரும் சொல்கிற மாதிரி. “உள்ள விடமுடியாது பெரியவரே. வெளிய நில்லுங்க.”

அவர் வேலிக்கு வெளியே நின்றார். அன்று மட்டுமல்ல, அதற்கப்புறம் எல்லாச் சாயங்காலமும், தென்காற்று எழும்பி மணல் பறந்த மாதங்களிலும், மழையிலும், பெர்னதெத் கூட வந்த நாட்களிலும் வராத நாட்களிலும் அவர் அங்கே நின்றார். உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர்கள் ‘இருக்கிறன்’ என்பார்கள். ஒரு நாள் யதுசா என்று கூப்பிட்டபோது பிள்ளை தாயின் தோளில் தூங்கிவிட்டிருந்தது. தர்சினி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல், கரை முழுக்கக் கேட்கிற ஏலக்குரலைப்போல, சொன்னது:

“யதுசா மோகன். இருக்கா.”

பெயர் கூப்பிட்டவர் தலையைத் தூக்கி வேலியைப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.